பூஜ்யம் புள்ளி நான்கு

ஏஎம்டியின் ஏஎம்4 பிராசசரைக் கவிழ்த்துப் பிடித்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி மெல்லத் திருப்புங்கள். பொன்முலாம் பூசிய 1331 பின்களும் வரிசை கட்டி நிற்கும். ஒன்று சாய்ந்திருந்தாலும் அந்த இடத்தில் மட்டும் கோடு கலையும். எண்ண வேண்டியதில்லை, கண் தானாக அங்கே போய் நிற்கும். கைமாறி வந்த பிராசசரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஹீட்சிங்க்கை இழுக்கும்போது, இறுகிப்போன தெர்மல் பேஸ்ட் சாக்கெட்டிலிருந்து பிராசசரையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவது இந்த வகையில் சகஜம். விவரம் தெரிந்தவர்கள் கணினியைச் சற்றே சூடேற விட்டு, அணைத்து, தூக்காமல் முறுக்கிக் கழற்றுவார்கள்.

பின்களில் பல மின்சாரத்துக்கும் எர்த்துக்கும் ஆனவை. அவற்றில் ஒன்று போனாலும் பக்கத்தில் இருப்பவை சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். பெரும்பாலும் கணினிக்குத் தெரியவே தெரியாது. ரேமுக்கான பின் ஒன்று சரியாகத் தொடாவிட்டாலோ, 16 ஜிபி போட்ட இடத்தில் 8 ஜிபி மட்டும் தெரியலாம். ரேம் கன்ட்ரோலர் பிராசசருக்குள்ளேயே குடியிருப்பதுதான் காரணம். ஏஎம்டி 2003-இல் ஆத்லான் 64 வழியாகவும், இன்டெல் 2008-இல் நெஹலேம் வழியாகவும் அதை உள்ளே கொண்டுவந்தன. அதனால்தான் ரேமும் போர்டும் மாறாமல் இருந்தும், முந்தைய பிராசசர் தாங்கிய ரேம் வேகத்தை இப்போது வந்தது தாங்காமல் ப்ளூ ஸ்கிரீன் வருகிறது. பயாஸில், ரேமை அதிக வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்தாலே பல வழக்குகள் முடிந்துவிடும்.

முடியாவிட்டால் பிரைம்95. மெர்சென் பகா எண்களைத் தேட ஜார்ஜ் வோல்ட்மன் 1996-இல் தொடங்கிய திட்டத்தின் நிரல் அது. லட்சக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்களை ஓயாமல் பெருக்க வேண்டிய வேலை; நடுவில் ஒரு பிட் பிசகினால் நாள்கணக்கான உழைப்பு வீண். எனவே தன் கணக்கைத் தானே சந்தேகிக்கும் குணத்தோடு அதை எழுதினார்கள். பிராசசரைச் சோதிக்க அந்தக் குணமே உதவுகிறது.

அந்தச் சந்தேகம் செயல்படும் விதத்தில்தான் என் மனம் லயித்துப்போகிறது. பெரிய எண்களை வேகமாகப் பெருக்குவதற்காக நிரல் தசமக் கணக்கில் இறங்குகிறது. விடை முழு எண்ணாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் தசமத்தில் போட்டதால் ஒரு துளி பிசிறு ஒட்டிக்கொண்டு வரும். பக்கத்து முழு எண்ணிலிருந்து அது 0.4-க்குள் விலகியிருந்தால், பிசிறைத் தள்ளிவிட்டு மேலே நடக்கும். தாண்டினால் அங்கேயே நின்று, 0.5 வந்திருக்கிறது, 0.4-க்குக் குறைவாக இருந்திருக்க வேண்டும் என்று ஒற்றை வரியில் எழுதிவைக்கும். அந்த 0.5-ஐக் கவனியுங்கள். இரண்டு முழு எண்களுக்கு நட்டநடு. ஓர் எண் அதற்குமேல் விலக இடமே இல்லை! சிலிக்கானில் ஏதோ ஒரு மூலையில் ஒரு சமிக்ஞை பிந்தி வந்ததை, யாரும் படிக்கக்கூடிய ஓர் எண்ணாக மாற்றித் தந்துவிடுகிறது இந்த நிரல்.

இத்தனைக்கும் திரை அணையாமல், மவுஸ் நகர்ந்தபடியே இருக்கலாம். கணக்கைப் பங்கிட்டு ஓட்டும் வொர்க்கர்களில் தவறியது மட்டும் நிற்கும், மற்றவை ஓடும். பிரைம்95-இல் ‘ஸ்மால் எஃப்எஃப்டி’ சோதனையைத் தேர்ந்தெடுத்தால் கணக்கு பிராசசரின் கேஷுக்குள்ளேயே அடங்கும். ரேமின்மேல் பழி போட பெரும்பாலும் வழியில்லை. கணினி முழுதாக விழுந்துவிட்டாலும், விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் 18 என்ற எண்ணோடு பதிவாகும் வன்பொருள் பிழையில் எந்தக் கோர் என்று காட்டும் ஏபிஐசி ஐடி இருக்கும். எல்லா அமைப்பும் இயல்புநிலையில், சூடும் அளவுக்குள் இருக்க, ஒரே ஐடி திரும்பத் திரும்ப வந்தால் அந்தக் கோரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

தேய்ந்த சில்லைச் சீராக்க முடியாது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சில்லுகள் சில மிகை மின்னழுத்தத்தால் பழுதாயின. 2024 ஆகஸ்டில் வந்த மைக்ரோகோடு இனிமேல் தேய்வதைத் தடுப்பதற்கே, ஏற்கெனவே தேய்ந்ததை மீட்பதற்கல்ல. அவற்றைப் பழையதாக வாங்குபவர்கள் விற்பவர் முன்னாலேயே பிரைம்95 சோதனையை ஓடவிட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம்.