வெட்ஜ்வுட்டின் சாடிகளும் கிரேக்க அணியும்: ஒரு நோக்கு

இங்கிலாந்தின் ஸ்ரபோட்ஷயர் பகுதியில் 1769ஆம் ஆண்டு யூன் 13ஆம் திகதி யோசையா வெட்ஜ்வுட் தமது புதிய மட்பாண்டத் தொழிற்சாலையைத் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் எத்துரூரியா. பங்காளர் தோமஸ் பென்ட்லி சக்கரத்தைச் சுழற்ற, அன்று அவர் தம் கையாலேயே வனைந்த சாடிகளில், எத்துரூரியக் கலைகள் மறுபிறவி எடுக்கின்றன என்னும் பொருள்பட இலத்தீன் வாசகம் எழுதப்பட்டது. மறுபிறவி எடுத்தது யாது என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

பெயரே பிழையானது. இத்தாலியக் கல்லறைகளிற் கிடைத்த பாண்டங்கள் அக்காலத்தில் எத்துரூரியருடையன எனக் கருதப்பட்டன. அவற்றுட் பல கிரேக்கருடையன. ஆயின் இது சிறிய பிழை. அச்சாடிகளில் தீட்டப்பெற்ற ஹேர்க்குலிஸ் முதலிய உருவங்கள், வில்லியம் ஹமில்ட்டனின் சேகரிப்பிலிருந்து 1772இல் பிரித்தானிய நூதனசாலையைச் சென்றடைந்த ஒரு பாண்டத்தின் அச்சுப்படங்களைத் தழுவியவை. அப்பாண்டம் ஒரு நீர்க்குடம். தூக்குவதற்குப் பக்கங்களில் இரு கைபிடிகள். சரித்து ஊற்றுவதற்குப் பின்புறம் ஒன்று. வயிற்றின் அகற்சியும் கழுத்தின் ஒடுக்கமும் நீரின் பொருட்டு அமைந்தவை. சித்திரம் அவ்வளைவை அனுசரித்தே சுற்றிச் செல்கின்றது. வனைந்த மெய்தியாஸ் தன் பெயரையும் அதிற் பொறித்துள்ளான். (ஓவியனின் பெயர் அதிலும் இல்லை என்பது வேறு விடயம்.)

வெட்ஜ்வுட் எடுத்துக்கொண்டது சித்திரத்தையே. குடம் போயிற்று, தண்ணீரும் போயிற்று. செல்வர் வீட்டுக் கணப்படுப்பின் மேல் நிற்பதற்கான சாடி எஞ்சியது.

1770களில் யாஸ்பர் என்னும் மண்கலவை உருவானதும் இப்பிரிவு முழுமையுற்றது. வெண்ணிற உருவங்கள் தனி அச்சுக்களில் அழுத்தியெடுக்கப்பட்டு நீல உடலில் ஒட்டப்பட்டன. கிரேக்கப் பாண்டச் சித்திரமொன்றைத் தழுவி 1778இல் ஜோன் பிளக்ஸ்மன் அமைத்த ஹோமர் புடைப்புருவம், முதலில் தட்டையான பலகையில் நின்றது. பின்னர் அதுவே சாடியின் வயிற்றிலும் ஏறியது. எங்கும் ஒட்டக்கூடிய அணி எதற்கும் உரியதன்று. வனைபவர் ஒருவர், அச்சழுத்துபவர் இன்னொருவர், ஒட்டுபவர் வேறொருவர். பாண்டத்தின் அடியிலோ முதலாளியின் பெயர்.

ஆயினும் அவரே அரசி ஷார்லட்டின் பெயரால் விற்ற வெளிர்மஞ்சட் பாண்டங்கள் உள. அவற்றுள் அணியற்ற ஒரு தேநீர்க் கெண்டியை எடுத்து நோக்கின், மூக்கும் மூடியும் பிடியும் தத்தம் தொழிலுக்கேற்ப அளவுபட்டு நிற்றலைக் காணலாம். தெய்வமோ வீரனோ அதில் இல்லை. மெய்தியாஸ் தன் தொழிலென இனங்காணக்கூடியது அதுவே. நூதனசாலைப் பேழைகளில் பார்வையாளர் நின்று பார்ப்பதோ நீல யாஸ்பரை.