சோறு போட்ட வாசல்கள்

ரஜினிகாந்தைப் பற்றி யார் எழுதினாலும் பெங்களூரு பஸ்ஸில் ஏறாமல் இருப்பதில்லை. கான்ஸ்டபிள் மகன், மூட்டை தூக்கினார், கண்டக்டர் ஆனார், பிறகு சூப்பர் ஸ்டார். எனக்கு இடறுவது நடுவிலுள்ள காலம். நடிப்பு படிக்கும்போது ஏழைப் பையனுக்குச் சோறு போட்டது யார்? தமிழ் சினிமாவில் எளிய வீடுகளிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் இதையே கேட்டுப் பார்த்தால், தனி ஒருவரின் திறமைக்குப் பின்னால் ஒரு வாசல் தென்படுகிறது.

முதல் தலைமுறைக்கு அந்த வாசல் பாய்ஸ் கம்பெனி. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்தில் வேரூன்றிய இந்தச் சிறுவர் நாடகக் குழுக்கள் பள்ளிக்கூடமாகவும் விடுதியாகவும் வேலைத்தலமாகவும் இருந்தன. பாட்டும் வசனமும் வாத்தியாரின் பிரம்புக்குப் பயந்து ஏறின. சாப்பாடு மட்டும் நிச்சயம். தகப்பனை இழந்து கும்பகோணத்தில் வறுமையில் கிடந்த எம்.ஜி.ஆர்., அண்ணன் சக்கரபாணியோடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனார். ரயில்வே ஊழியரின் மகனான சிவாஜி கணேசன், தனக்கு யாருமில்லை என்று பொய் சொல்லியே குழுவில் சேர்ந்தார். கருணை இல்லம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் பெண்வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட் பையனின் மவுசு அன்றோடு சரி. 1936இல் ‘சதிலீலாவதி’யில் இன்ஸ்பெக்டராகத் தலைகாட்டிய எம்.ஜி.ஆர்., ‘ராஜகுமாரி’யில் நாயகனாக 1947 வரை காத்திருந்தார். அந்தப் பதினோரு வருடத்தைத் தாங்கிய உடம்பும் பொறுமையும் கம்பெனியில் உருவானவை. (பின்னாளில் ரசிகர்கள் அவரையே ‘வாத்தியார்’ என்றது தற்செயல்தானா என்று தெரியவில்லை.)

பேசும்படம் வளர வளர அந்தக் கம்பெனிகள் கலைந்தன. அடுத்து வந்தவர்களுக்கு மாதச் சம்பளமே துணை: தாராபுரத்து நாகேஷ் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்துகொண்டுதான் நாடக மேடை ஏறினார்.

ரஜினிக்கு வாய்த்தது வேறு. 1973இல் சென்னையில் பிலிம் சேம்பர் நடத்திய நடிப்புப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். செலவுக்குக் கைகொடுத்தவர், அவர் கண்டக்டராக இருந்த அதே டெப்போவில் பஸ் ஓட்டிய நண்பர். அதாவது ஒரு தொழிலாளியின் சம்பளத்தில் இன்னொரு தொழிலாளி படித்தார். இயக்குநர் பாலசந்தர் ரஜினியைக் கண்டெடுத்தது அந்தப் பள்ளியில்தான். ‘அபூர்வ ராகங்கள்’ 1975இல் வந்தது. டிக்கெட் கிழித்த வேகமே ஸ்டைல் ஆயிற்று என்பார்கள். கேட்க ரசமாக இருக்கிறது. பயிற்சியை மறைப்பதற்கும் வசதியாக இருக்கிறது.

திரையில் தெரியும் உழைப்பாளி பிம்பம் வேறு சங்கதி. ‘படகோட்டி’, ‘ரிக்‌ஷாக்காரன்’ வழியே எம்.ஜி.ஆர். அதை அரசியல் முதலாக்கிய விதத்தை ஆய்வாளர் எம்.எஸ்.எஸ்.பாண்டியன் 1992இல் வந்த தன் நூலில் அக்கக்காகப் பிரித்துக் காட்டினார். ரஜினியிடம் அது நழுவியது இன்னொரு வகையில். மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ (1978) காளி விஞ்ச் ஆபரேட்டர். திமிரோடும் இழப்போடும் கடைசிவரை தொழிலாளிதான். ‘அண்ணாமலை’யின் பால்காரனோ படம் முடிவதற்குள் பெரும் பணக்காரன். ‘பாட்ஷா’வில் (1995) ஆட்டோ ஓட்டுநரின் காக்கிச் சட்டையே ஒரு மாறுவேஷம். நடிகராக அவர் எட்டிய உச்சம் காளி என்பதே என் எண்ணம். வசூல் கணக்கு வேறு மாதிரி சொல்லும்.

பிறகு வாசல்கள் சிறுத்தன. ந.முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு நடிகர் பசுபதியைத் தந்தது. அங்கே கணக்கெழுதப் போன விஜய் சேதுபதி, நடிப்பவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தார். சூரிக்கு அதுவும் இல்லை. மதுரைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, பெயின்ட் அடித்து, கிடைத்த வேலையெல்லாம் செய்து, துண்டு வேஷங்களில் நின்றவர் அவர். 2009இல் ‘வெண்ணிலா கபடிக்குழு’வில் பரோட்டாவை எண்ணி எண்ணித் தின்ற காட்சி அவருக்குப் பெயரே ஆகிப்போனது. நாயகனாக ‘விடுதலை’ வந்தது 2023இல். அதில் அவர் ஏற்றது, மலைமேல் காவல் நிற்பவர்களுக்கு ஜீப்பில் சாப்பாடு கொண்டுபோகும் போலீஸ்காரர் வேஷம்.