எழுதினவனும் படிக்கிறவனும்

கம்ப்யூட்டர் ப்ரோக்ராம்களைப்பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்கு என்ன யோக்யதை என்று வாசகர்கள் கேட்கலாம். நாவல் எழுதுகிறவன் என்பதைத் தவிர வேறு யோக்யதை இல்லை. அந்தத் தொழிலில் இருக்கும் என் மருமகன், டேனிஷ் அறிஞர் பீட்டர் நவுர் 1985ல் எழுதிய ஒரு கட்டுரையைப் படிக்கக் கொடுத்தான். அது என் தொழிலைப்பற்றியதும்தான் என்று எனக்குத் தோன்றியது.

ப்ரோக்ராம் என்பது எழுதிய வரிகள் அல்ல, எழுதினவர்கள் மனத்தில் உள்ள தெளிவு என்கிறார் நவுர். ஓர் உதாரணமும் தருகிறார். ஒரு குழு செய்த ப்ரோக்ராமை விரிவாக்க வேறொரு குழு எடுத்துக்கொண்டது. வரிகளும் விளக்கங்களும் முழுவதும் அவர்கள் கையில் இருந்தன. ஆனாலும் அவர்கள் யோசித்த மாறுதல்களில் பல, மூலத்தின் அமைப்பைக் கெடுக்கிற ஒட்டுக்களாகவே இருந்தன. எளிய வழி அந்த அமைப்புக்குள்ளேயே இருப்பது பழைய குழுவுக்குத்தான் தெரிந்தது.

இன்று எழுதுகிறவர்களே இரண்டாவது குழுவாகி வருகிறார்கள். 2021ல் வந்த கிட்ஹப் கோபைலட் அடுத்த சில வரிகளை ஊகித்துச் சொன்னது. இப்போதுள்ள செயற்கை அறிவு யந்திரங்கள், தேவையைச் சொன்னால் முழுவதையும் எழுதிச் சோதித்தும் காட்டுகின்றன.

“அப்படியானால் நீ என்னடா செய்கிறாய்?” என்று கேட்டேன்.

“படிக்கிறேன், மாமா” என்றான்.

படிப்பது சுலபமல்ல. சரளமான எழுத்து படிக்கிறவனைத் தூங்கச் செய்துவிடும். 2025ல் மெட்டர் என்ற அமெரிக்க ஸ்தாபனம், அநுபவம் மிகுந்த 16 பேரிடம், அவர்களுக்கு நன்கு பழகிய ப்ரோக்ராம்களிலேயே 246 வேலைகளைக் கொடுத்துப் பார்த்தது. யந்திரத்தை அநுமதித்த வேலைகளுக்கு 19 சதவிகிதம் அதிக நேரம் பிடித்தது. செய்தவர்களோ, முடித்த பிறகும், 20 சதவிகிதம் நேரம் மிச்சமானதாகவே நம்பினார்கள். 16 பேரை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. யந்திரங்களும் அதற்குப்பின் தேறியிருக்கின்றன. வேகத்தைவிட, தம் வேலையைத் தாமே தப்பாக மதிப்பிட்டார்களே, அதுதான் என்னைச் சிந்திக்க வைக்கிறது.

நவுருடன் எனக்கு ஓரிடத்தில் உடன்பாடு இல்லை. வெறும் வரிகளிலிருந்து அந்தத் தெளிவை மீட்கவே முடியாது என்கிறார். நல்ல வாசகன் ஓரளவு மீட்டுவிடுவான். இல்லாவிட்டால் இலக்கியம் என்றே ஒன்று இருந்திராது. ஆனால் ப்ரோக்ராம் விஷயத்தில், தானே எழுதி, தவறி, அடித்து எழுதினவன்தான் அப்படிப்பட்ட வாசகன் ஆகிறான்.

என் மருமகன் எட்டு வருஷம் தன் கையால் எழுதியவன். யந்திரம் எழுதியதில் எங்கே சந்தேகப்பட வேண்டும் என்று அவனுக்குத் தெரிகிறது. புதிதாக வேலைக்கு வருகிற பையன்களைப்பற்றிக் கேட்டேன்.

“அவர்களுக்குத் தவறு செய்ய நேரமே கொடுப்பதில்லை, மாமா” என்றான்.

யந்திரத்தைப்பற்றி எனக்குப் புகார் இல்லை. அந்த நேரத்தைக் கொடுக்காதவர்களைப்பற்றித்தான் புகார்.