நூலைத் தொடர்ந்த கை

செல் பிரிதல் என்றதும் பள்ளிப் பாடநூலில் வரிசையாக நிற்கும் படங்கள் நினைவுக்கு வரும். அவற்றின் முன்னோடிகளில் தலையாயவை, ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த வால்தர் ஃபிளெமிங் 1882-இல் வெளியிட்ட நூலில் உள்ளன. அவற்றை அறிவியல் சான்று என்று மட்டும் மதிப்பது போதாது. தேர்ந்த ஓவியங்களாகவும் ரசிக்க வேண்டும் என்பது என் கட்சி. செல் பிரிவதைப் பார்க்க, பல்லி போன்ற நீர்நிலவாழ் உயிரான சாலமாண்டரின் குஞ்சை அவர் தேர்ந்தெடுத்ததிலேயே ஓவியனின் கண் தெரிகிறது: அதன் செல்லும் பெரிது, குரோமோசோமும் பெரிது. சாயம் ஏற்றினால் உட்கருவில் ஒரு பொருள் மட்டும் அதை உறிஞ்சி அடர்ந்து நிற்கும். அதற்குக் குரோமாட்டின் என்று பெயர் வைத்தார். அது இழைஇழையாகத் திரள்வதைப் பார்த்து, நூலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இந்தப் பிரிதலுக்கு மைட்டாசிஸ் என்ற பெயரை உண்டாக்கினார்.

சாயம் ஏற்றிய செல் உயிரற்றது. கண்ணாடித் தகட்டில் செல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிலையில் உறைந்து கிடக்கும். எது முந்தியது, எது பிந்தியது என்று தகடு சொல்லாது. சுருண்ட நூல்கண்டு, நடுவில் ஒரு விண்மீன், பிறகு விலகிச் செல்லும் இரண்டு விண்மீன்கள் என்று அவற்றைக் கோத்தது ஃபிளெமிங்கின் தீர்ப்பு. கோட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். ஒற்றை விண்மீனில் ஒவ்வொரு கதிரும் வளைந்த ஓர் இழை. வளைவு மையத்தை நோக்க, நுனிகள் வெளியே விரிகின்றன. இரண்டாகப் பிரிந்தபின் வளைவு செல்லின் முனையை நோக்கித் திரும்ப, இரண்டு கால்களும் பின்னால் இழுபடுகின்றன. அசையாத கோட்டில் போகும் திசை தெரிகிறது!

வரிசை வெறும் ஊகமாக இருக்கலாமே என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அவர் உயிருள்ள செல்களையும் பொறுமையாகக் கவனித்து அதே வரிசையைக் கண்டார். புகைப்படம் இன்னும் நேர்மையானதல்லவா என்றால், உயர்திறன் லென்ஸில் ஒரே நேரத்தில் மெல்லிய ஒரு தளம் மட்டுமே தெளியும். மேலும் கீழும் ஓடும் இழை பாதியில் மங்கிவிடும். ஓவியன் நுண்ணோக்கியின் திருகைத் திருப்பித் திருப்பி, பல தளங்களில் கண்டதை ஒரே கோட்டில் சேர்க்கிறான். கண்டதற்கு அடங்கிய கைக்குச் சுதந்திரம் ஏது என்பார்கள். தாலமானம் என்னும் சிற்ப அளவுக் கணக்குக்குள் நின்று விக்கிரகம் வார்க்கும் ஸ்தபதியை அப்படிக் கேட்போமா? ஃபிளெமிங் இழைகளை ஓரிடத்தில் தடித்த ஒற்றைக் கோடாக விடாமல், நீளவாக்கில் பிளந்த இணைகோடுகளாகப் போட்டார். அந்தப் பாதிகள் எதிரெதிர் முனைகளுக்குப் பிரிந்து போவதை அடுத்த ஆண்டே, 1883-இல், எட்வார்ட் வான் பெனடன் குதிரைக் குடற்புழுவின் முட்டையில் காட்டினார்.