எண்ணெயும் தாளும்: ராபர்ட் மதர்வெல்லை முன்வைத்து

அமெரிக்க அரூப ஓவியத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் ஒரே சித்திரத்தைத்தான் திரும்பத் திரும்பத் தருகிறார்கள். சுவரளவுக் கித்தான், அதன்முன் உடம்பு முழுவதையும் ஈடுபடுத்தி இயங்கும் ஓவியன், முன்யோசனை இல்லாத பாய்ச்சல். இந்தச் சித்திரத்தில் தாளுக்கு இடமில்லை. தாளில் செய்தவை ஒத்திகை என்றோ, கித்தான் வாங்க வசதியில்லாதவரின் மாற்று என்றோ ஒதுக்கப்படுகின்றன. 1952 டிசம்பரில் ‘ஆர்ட் நியூஸ்’ இதழில் ஹரால்ட் ரோசன்பெர்க் எழுதிய கட்டுரைதான் இதற்கு ஊற்றுக்கண். கித்தான் இனிமேல் படம் வரையும் பரப்பு அல்ல, செயல் நிகழும் களம் என்று அவர் வாதிட்டார். தரையில் விரித்த கித்தானைச் சுற்றி வரும் ஜாக்சன் போலக்கை ஹான்ஸ் நமுத் 1950இல் எடுத்த புகைப்படங்கள் ஏற்கெனவே இருந்தன. கட்டுரைக்கு அவை சாட்சியாக அமைந்துவிட்டன. பெரிய அளவு, உடல்வேகம், தன்னிச்சை என்ற மூன்றும் அதன்பின் அரூப ஓவியத்தின் இலக்கணமாகிப்போயின. இந்த இலக்கணம் தவறானது. அந்த ஓவியத்தின் மொழி பெருமளவு தாளில் உருவானது. எண்ணெய்வண்ணமும் தாளும் சேர்ந்தால் மட்டுமே கிடைக்கும் முழுமையான ஓவியங்களும் அதில் உண்டு. அவற்றின் உச்சம், ராபர்ட் மதர்வெல் 1962இல் செய்த ‘கடலருகே’ வரிசை.

தாளில் எண்ணெய்வண்ணம் தீட்டுவது நவீனர்களின் கண்டுபிடிப்பு அல்ல. 1780களில் ரோமின் வானத்தையும் கூரைகளையும் வலான்சியென் தாளில்தான் தீட்டினார். 1821, 1822 ஆண்டுகளில் லண்டனுக்கு அருகே ஹாம்ப்ஸ்டெட் குன்றில் கான்ஸ்டபிள் மேகங்களைத் தாளில் எண்ணெய்வண்ணத்தால் பிடித்தார். கோரோவின் கதை இங்கே நேரடியாகவே பொருந்தும். இத்தாலியின் நார்னி பாலத்தை அவர் 1826இல் அந்த இடத்திலேயே தாளில் தீட்டினார். அது இப்போது லூவரில் இருக்கிறது. பாரிஸின் சலோன் கண்காட்சிக்காக அதையே பெரிதாக்கி, மரங்களும் ஆடுகளும் சேர்த்துத் திருத்தமாகச் செய்த கித்தான் இப்போது கனடாவில் இருக்கிறது. அன்றைக்குத் தாள் தயாரிப்பு, கித்தான் படைப்பு. இன்றைக்கு ரசிகர்கள் போற்றுவது தாளைத்தான். வெளிச்சமும் காற்றும் அதில்தான் உயிரோடு இருக்கின்றன. பின்னர் டெகா, எண்ணெயை மைஒற்றுத் தாளில் வடியவிட்டு, மிஞ்சிய நிறத்தை டர்பன்டைனில் கரைத்துத் தாளில் தீட்டினார். ஆக, ஒத்திகை என்று முத்திரை குத்தப்பட்டவற்றின் தீர்ப்பை வரலாறு ஏற்கெனவே ஒருமுறை மாற்றி எழுதியிருக்கிறது. அரூப ஓவியத்துக்கு மட்டும் அந்தத் திருத்தம் இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

இனி நியூயார்க்குக்கு வருவோம். வில்லெம் டி கூனிங் 1948இல் சார்ல்ஸ் ஈகன் காலரியில் தன் முதல் தனிக்கண்காட்சியை வைத்தார். அந்தக் கறுப்பு வெள்ளை ஓவியங்கள்தாம் அவரை அவராக்கின. அதே காலத்தில் அவர் செய்தவற்றில் எத்தனை தாளில் பிறந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். 1947இன் ‘ஸூரிச்’, 1948இன் ‘தலைப்பற்ற கறுப்பு’, 1949இன் ‘ஸாட்’ ஆகியவை தாளில் தீட்டப்பட்டுப் பின்னர் பலகைமேல் ஒட்டப்பட்டவை. ‘ஸாட்’ ஓவியத்தின் உயரம் ஒன்றரை அடிதான். ஆனாலும் எழுத்தும் உடலும் ஒன்றையொன்று விழுங்கும் அந்த நெரிசல், அடுத்த ஆண்டு வந்த ‘அகழ்வு’ என்ற மாபெரும் கித்தானுக்குச் சற்றும் குறைந்ததல்ல. டி கூனிங் ராட்டர்டாமில் அலங்கார வேலையும் எழுத்துவேலையும் பழகியவர். பெயர்ப்பலகை எழுதுகிறவரின் நீண்ட மயிர்த்தூரிகை வழுக்கிக்கொண்டு ஓட வழவழப்பான தாள்தான் தோது. கித்தானின் நெசவு அந்தக் கோட்டை இடறிவிடும். அவர் தாளில் வரைந்து, வெட்டி, கித்தான்மேல் குத்தூசியால் பொருத்திப் பார்த்து, இடம் மாற்றி, மறுபடி வெட்டுவார். 1950இல் செய்த ‘கொலாஜ்’ என்ற படைப்பில் அந்தக் குத்தூசிகளே ஓவியத்தின் பகுதியாகத் தங்கிவிட்டன. முன்யோசனையற்ற பாய்ச்சல் என்று பேர்வாங்கிய ஓவியத்தின் அடியில் இருந்தது கத்தரிக்கோலும் பொறுமையும்.

ஃபிரான்ஸ் க்ளைன் இன்னும் வலுவான சாட்சி. தொலைபேசி விவரத்திரட்டின் பக்கங்களைக் கிழித்து, பெயர்களும் எண்களும் வரிசையாக அச்சான அந்த மலிவுத் தாளில் மையாலும் எண்ணெய்வண்ணத்தாலும் அவர் கணக்கில்லாமல் தீட்டினார். அகலமான கறுப்புப் பட்டைகள் நெரிந்து நிற்கும் அவருடைய பெரிய கித்தான்கள் பலவற்றுக்கு இந்தப் பக்கங்கள்தாம் மூலம். 1940களின் இறுதியில் டி கூனிங்கின் பட்டறையில், க்ளைனின் சிறிய நாற்காலிச் சித்திரம் ஒன்றை ஒளிபெருக்கிக் கருவியால் சுவரில் பெரிதாக்கிக் காட்டியபோது அவர் கண் திறந்தது என்று எலேன் டி கூனிங் எழுதியது எல்லோருக்கும் தெரிந்த கதை. இந்தக் கதையை எனக்கு எதிராகவே திருப்பலாம். தாளில் இருந்தது கரு, கித்தானில்தான் அது உருவானது என்பதற்கு இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும் என்று கேட்கலாம். பெரிய கித்தானில் கறுப்பும் வெள்ளையும் ஒன்றையொன்று தள்ளும் விசை தனியானது என்பதையும், க்ளைன் கறுப்பைப் போலவே வெள்ளையையும் தீட்டித் தீட்டித்தான் அதை அடைந்தார் என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் கருவி எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை, இருந்ததைத்தான் பெரிதாக்கியது. அந்தச் சிறு தாளில் கட்டமைப்பு ஏற்கெனவே முழுமையாக இல்லாதிருந்தால் சுவரில் தெரிந்தது வெறும் கறையாகத்தான் இருந்திருக்கும். அச்செழுத்தின் நுண்ணிய சாம்பல்நிற நிரைகளின்மேல் கனத்த கறுப்பு ஏறும்போது தாளில் உண்டாகும் உராய்வு எந்தக் கித்தானுக்கும் மாற்றப்படவில்லை. அது தாளோடு தங்கிவிட்ட அழகு.

இந்த இருவரையும் தாண்டி மதர்வெல்லை முன்னிறுத்தக் காரணம் உண்டு. அவர் சகாக்கள் அவரைப் படிப்பாளி என்றே பார்த்தார்கள். ஸ்டான்ஃபோர்டிலும் ஹார்வர்டிலும் தத்துவம் பயின்றவர், கொலம்பியாவில் மேயர் ஷாபிரோவின் மாணவர், நவீன ஓவிய ஆவணங்களை நூல்வரிசையாகப் பதிப்பித்தவர். படிப்பு மிகுந்தவனிடம் சூடு இருக்காது என்ற சோம்பேறித்தனமான நம்பிக்கையால் அவருடைய இடம் போலக்குக்கும் டி கூனிங்குக்கும் ஒரு படி கீழேயே வைக்கப்பட்டது. ஆனால் 1941இல் மெக்சிகோவில் சிலி நாட்டு ஓவியர் மட்டாவோடு கழித்த நாட்களில், கையைத் தன்போக்கில் ஓடவிடும் சர்ரியலிச முறையை அவர் தாளில் பழகினார். அந்தப் பழக்கத்தின் பலன் ஏழாண்டு கழித்து ஒரு சிற்றிதழுக்காக வெளிப்பட்டது. மதர்வெல்லும் ரோசன்பெர்க்கும் சேர்ந்து நடத்திய ‘பாசிபிலிட்டீஸ்’ என்ற அந்த இதழ் 1947-48 குளிர்காலத்தில் ஒரே ஒரு முறை வெளிவந்து நின்றுபோனது. வராமற்போன இரண்டாம் இதழுக்காக, ரோசன்பெர்க்கின் கவிதை ஒன்றைக் கையால் எழுதி, அதனோடு மதர்வெல் 1948இல் மையால் ஒரு படம் வரைந்தார். சாதாரண எழுதுதாளின் அளவுதான். நிமிர்ந்த பட்டைகளுக்கிடையே நசுங்கி நிற்கும் கறுப்பு முட்டை வடிவங்கள். ‘ஸ்பானியக் குடியரசுக்கு இரங்கற்பா’ என்ற தலைப்பில் அவர் வாழ்நாள் முழுவதும் வரைந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியங்களின் தாய் அந்தத் தாள்தான். சிற்றிதழ் மரபில் ஊறிய தமிழ் வாசகருக்கு இதன் பொருள் சொல்லாமலே விளங்கும். கித்தானைக் களம் என்று அறிவித்த விமர்சகரின் கவிதைக்கு வரைந்த ஒரு சிறு தாளிலிருந்துதான் அந்த இயக்கத்தின் மிகப் பெரிய ஓவிய வரிசை கிளம்பியது.

இதுவரை சொன்னதை வைத்து, தாள் நல்ல நாற்றங்கால் என்று மட்டும் ஒருவர் ஒப்புக்கொண்டு விலகிவிடலாம். ‘கடலருகே’ வரிசை அந்தச் சமரசத்துக்கு இடம்கொடுப்பதில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் ப்ராவின்ஸ்டவுன் கரையில் மதர்வெல்லின் பட்டறை இருந்தது. அலைகள் தடுப்புச்சுவரில் மோதிச் சிதறி மேலெழும்பும். அந்த மோதலைப் படமாகப் பார்த்து வரைவதற்குப் பதில், அதே செயலைத் தாளில் நிகழ்த்த அவர் முடிவுசெய்தார். வண்ணம் நிறைந்த தூரிகையை முழுக்கை வீச்சோடு தாளில் அறைவார். தாள் கிழிந்துவிடாமல் இருக்கப் பல அடுக்குகளாக ஒட்டிய உறுதியான பருத்தித் தாளைப் பயன்படுத்தினார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 29 அங்குல உயரம், 23 அங்குல அகலம். இவற்றில் ஒன்றை நெருங்கிப் பார்த்தால் கீழ்ப்பகுதியில் கிடைமட்டமாகச் சில பட்டைகள் தெரியும். நீலம், காவி, கறுப்பு என நிதானமாக இழுத்தவை. அவற்றின்மேல் ஒரே அடியில் எழும்பிய சிதறல். அடி விழுந்த இடத்தில் வண்ணம் திரண்டு கனத்திருக்கும். அங்கிருந்து மேலே போகப்போக இழைகளாகி, துளிகளாகி, வெற்றுத் தாளில் கரைந்துவிடும். எண்ணெய்வண்ணம் மெதுவாகக் காய்வது, திருத்திக்கொள்ளத் தாராளமாக இடம் தருவது. ஆனால் தாள் எண்ணெயை உடனே உறிஞ்சிவிடும். நிறம் மங்கலாகப் பரப்பில் தங்கும், எண்ணெய் நிறத்தின் ஓரம் தாண்டிக் கசிந்து பழுப்பு வளையமாகப் படரும். விழுந்த துளியைத் துடைக்க முடியாது, சுரண்ட முடியாது. திருத்தத்துக்கு இடம்தரும் வண்ணத்தைத் திருத்தவே விடாத பரப்பில் வைத்ததுதான் இந்த வரிசையின் துணிவு. ரோசன்பெர்க் பேசிய ‘செயல்’ எங்கேயாவது கலப்படமின்றி நிகழ்ந்தது என்றால் அது இந்தத் தாள்களில்தான். கித்தானில் டி கூனிங்குக்கும் க்ளைனுக்கும் சுரண்டித் திருத்த வழி இருந்தது. படிப்பாளி என்று தள்ளிவைக்கப்பட்டவருக்கு இங்கே அந்த வழி இல்லை.

தாளின் இந்த இயல்பைக் கித்தானே கடன்வாங்கியது என்பதற்கும் சான்று இருக்கிறது. பின்னாளில் மதர்வெல்லை மணந்த ஹெலன் ஃபிராங்கந்தேலர், 1952 கோடையில் கனடாவின் நோவா ஸ்கோஷியாக் கரையில் நீர்வண்ணங்கள் தீட்டினார். நியூயார்க் திரும்பியதும் பூச்சு ஏதும் தடவாத கித்தானைத் தரையில் விரித்து, டர்பன்டைனில் நீர்க்கவைத்த எண்ணெய்வண்ணத்தை ஊற்றி ஊறவிட்டார். அதுதான் ‘மலைகளும் கடலும்’. கித்தானை அவர் தாளாக நடத்தினார். நிறத்தைச் சுற்றி எண்ணெய் கசிந்த வளையங்கள் அங்கும் உண்டு. மறு ஆண்டு அதைப் பார்த்த மாரிஸ் லூயிஸும் கென்னத் நோலண்டும் தங்கள் பாதையையே மாற்றிக்கொண்டார்கள். அறுபதுகளின் வண்ணப்பரப்பு ஓவியங்கள் அந்த வழியில் வந்தவை. பெரிய கித்தானின் வெற்றி என்று கொண்டாடப்படும் அந்தக் கட்டத்துக்கும் தாளின் உறிஞ்சும் குணமே வழிகாட்டியது.

வறுமைதான் இவர்களைத் தாளுக்குத் தள்ளியது என்பது அடுத்த மறுப்பு. நாற்பதுகளுக்கு அது ஓரளவு பொருந்தும். டி கூனிங் மலிவான வீட்டுப் பெயின்டைப் பயன்படுத்தியதற்கும் அதே காரணம் சொல்லப்படுகிறது. ஆனால் புகழும் பணமும் வந்தபிறகும் அவர் தாளிலும் செய்தித்தாளிலும் எண்ணெய்வண்ணம் தீட்டுவதை விடவில்லை. 1962இல் மதர்வெல்லுக்கும் கித்தான் வாங்க வழியில்லாமல் இல்லை. மார்க் ராத்கோ வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களைத் தாளில் செய்தார். 1968இல் இதயத்தின் பெருந்தமனி நோய்க்குப்பின் பெரிய அளவில் வேலைசெய்யக்கூடாது என்று மருத்துவர் தடுத்தபோது அவர் பழகிய தாளுக்கே திரும்பினார். கடைசிக் காலத்துத் தாள்களில் பெரும்பாலானவை அக்ரிலிக்கால் ஆனவை என்றாலும், அவை கித்தானின் நகல்கள் அல்ல. வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடம் 2023இல் அவருடைய தாள் ஓவியங்களுக்கென்றே தனிக் கண்காட்சி வைத்தது. அவர் இறந்து ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு!

எண்ணெய் தாளைத் தின்றுவிடும், நிலைக்காத ஊடகத்தில் செய்ததை எப்படி முதன்மைப் படைப்பாகக் கொள்வது என்பது காப்பாளர்களின் கவலை. ஆளிவிதை எண்ணெய் காயும்போது நாரைப் பழுப்பாக்கி நொறுங்கவைக்கும் என்பது உண்மைதான். க்ளைனின் தொலைபேசிப் பக்கங்கள் மரக்கூழால் ஆனவை என்பதால் கூடுதல் ஆபத்தில் இருக்கின்றன. ஆனால் பசையோ பூச்சோ தடவிய நல்ல பருத்தித் தாள் வெகுகாலம் தாங்கும். கான்ஸ்டபிளின் மேகங்கள் இருநூறு ஆண்டு தாண்டியும் இருக்கின்றன. பூச்சில்லாத கித்தானுக்கும் இதே ஆபத்து உண்டு. அதைக் காரணம் காட்டி யாரும் ‘மலைகளும் கடலும்’ ஓவியத்தை ஒத்திகை என்று சொல்வதில்லை. உண்மையான தடை நிர்வாகத்தில் இருக்கிறது. பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றில் கித்தான் ஓவியத் துறைக்கும் தாள் வரைபடத் துறைக்கும் போகின்றன. தாளுக்கு 50 லக்ஸ் அளவே வெளிச்சம், சில மாதங்கள் காட்டிவிட்டு மறுபடி இருட்டறை. எண்ணெய்வண்ண ஓவியமாக இருந்தாலும் தாள் என்பதாலேயே அது நிரந்தரச் சுவரில் இடம்பெறுவது அரிது. கண்ணில் படாதது வரலாற்றிலும் இடம்பெறுவதில்லை.

தாளில் தீட்டியதெல்லாம் உயர்ந்தது என்பது என் வாதம் அல்ல. ‘கடலருகே’ வரிசையிலும் சிதறல் வெறும் உத்தியாகத் தேய்ந்த தாள்கள் உண்டு. அடி விழும் இடமும் கீழ்ப் பட்டைகளும் ஒன்றையொன்று தாங்காதபோது அலங்காரமே மிஞ்சுகிறது. ஆனால் தோற்றவற்றைக் கித்தானுக்கு வைக்கும் அதே அளவுகோலால்தான் தோற்றவை என்று சொல்ல வேண்டும். அளவைக் காட்டி மிரட்டும் ஓவியங்கள் உலகக் கண்காட்சிகளை நிறைத்திருக்கும் காலம் இது. கைக்கும் கண்ணுக்கும் எட்டும் தூரத்தில், திருத்த முடியாத ஒரு பரப்பில் ஒரு முடிவை எடுத்து அதற்குப் பொறுப்பேற்கும் ஓவியம்தான் அரூபத்துக்கு இன்று தேவை. அந்த வழியை மதர்வெல் அறுபது ஆண்டுக்கு முன்பே காட்டிவிட்டார். நம் இதழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரூப ஓவியம் ஒன்றை அச்சிடும்போது அதன்கீழே ஆண்டு, ஊடகம், பரப்பு, அளவு நான்கையும் தவறாமல் கொடுங்கள். ஒன்றரை அடித் தாளும் எட்டடிக் கித்தானும் பக்கத்தில் ஒரே அளவாகத் தெரியும்போது, எது எதில் தீட்டப்பட்டது என்று வாசகர் அறிய வேறு வழியில்லை.