நடுவர் இல்லாத பட்டிமன்றம்

2013 ஜூன் 2 இரவு. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் மூன்றாவது சீசனில் ஒன்பதாவது எபிசோட். கல்யாண விருந்து நடக்கும் மண்டபத்தின் கதவுகளைச் சாத்துகிறார்கள். இசைக்காரர்கள் பாட்டை மாற்றுகிறார்கள். அடுத்த சில நிமிடங்களில் ராப் ஸ்டார்க்கும் அவன் தாயும் கர்ப்பிணி மனைவியும் பிணமாகிறார்கள். அந்த நேரத்தில் பல வீடுகளில் சிலர் திரையைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியின் முகத்தை, கணவனின் முகத்தை, நண்பனின் அலறலைச் செல்போனில் படம்பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நாவலைப் படித்தவர்கள். இந்தப் படுகொலை வரும் 'எ ஸ்டார்ம் ஆஃப் ஸ்வார்ட்ஸ்' 2000-ல் வெளிவந்தது. அன்று முதல் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவர்களும் அவர்களில் உண்டு.

ஒரே கதைக்கு இப்படி இரண்டு வகைப் பார்வையாளர்கள் அமைந்தார்கள். படித்தவர்கள், படிக்காதவர்கள். படிக்காதவர்களுக்குக் கதையில் வரும் அடிமைப் படையின் பெயரையே பட்டமாகச் சூட்டி 'அன்சல்லீட்' என்று அழைத்தார்கள். மறுநாள் காலையில் தொடங்கும் வாதம் அடுத்த வாரம் வரை ஓடும். நாவலில் ராப்பின் மனைவி அந்த விருந்துக்கே வரவில்லையே, தொடரில் ஏன் அவளையும் கொன்றார்கள்? அந்தக் கூடுதல் ரத்தம் கதைக்குத் தேவையா, அதிர்ச்சிக்குத் தேவையா?

இந்த வாதங்களை வெட்டிப்பேச்சு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. இவற்றைத் திறனாய்வாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. அப்படி எடுத்துக்கொண்டால், திறனாய்வுக்கு உரிய கண்டிப்போடு இவற்றின் குறைகளையும் சொல்லியாக வேண்டும்.

முதலில், இந்த வாதம் இவ்வளவு செழித்ததற்குக் காரணம் காத்திருப்பு. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் முதல் நாவல் 1996-ல் வந்தது. இரண்டாவது 1998, மூன்றாவது 2000. நான்காவதுக்கு ஐந்து ஆண்டு, ஐந்தாவதுக்கு இன்னும் ஆறு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2011 ஏப்ரலில் எச்பிஓவில் தொடர் தொடங்கியபோது, நாவலின் வாசகர்களில் மூத்தவர்கள் பதினைந்து ஆண்டு அனுபவசாலிகள். அடுத்த புத்தகம் வராத வாசகன் சும்மா இருப்பதில்லை. படித்ததையே திரும்பப் படிக்கிறான். முதல் வாசிப்பில் கதையைப் பார்த்தவன் மூன்றாம் வாசிப்பில் சொல்லைப் பார்க்கிறான்.

அந்த மறுவாசிப்பின் மிகச் சிறந்த விளைச்சல் 'ஆர் பிளஸ் எல் ஈக்வல் டு ஜே' என்ற சமன்பாடு. ராப்பின் தந்தை நெட் ஸ்டார்க்கின் முறைதவறிப் பிறந்த மகன் என்று எல்லோரும் நம்பும் ஜான் ஸ்னோ, உண்மையில் இளவரசன் ரேகாருக்கும் நெட்டின் தங்கை லயானாவுக்கும் பிறந்தவன் என்பது அதன் முடிவு. முதல் நாவல் வந்த சில ஆண்டுகளிலேயே வாசகர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நாவலில் இதை யாரும் எங்கும் சொல்லவில்லை. சிதறிக் கிடக்கும் குறிப்புகள் மட்டுமே உண்டு. சாகும் தறுவாயில் லயானா அண்ணனிடம் வாங்கிக்கொண்ட ஒரு வாக்குறுதி. ஒரு போட்டியில் ரேகார் தன் மனைவியைக் கடந்து சென்று லயானாவுக்குச் சூட்டிய நீல ரோஜாக்கள். எல்லாவற்றையும் விட, அரசரையும் அரச குலத்தையும் காக்க வேண்டிய மெய்க்காவலர் மூவர், இளவரசன் போரில் மாண்ட பிறகும் எங்கோ ஒரு கோபுரத்தைக் காத்து நின்ற விசித்திரம். அங்கே காக்க யார் இருந்தார்கள் என்று ஒரு வாசகர் கேட்டால் போதும், முடிச்சு அவிழத் தொடங்கிவிடும்.

தொடரை உருவாக்கிய டேவிட் பெனியாஃபும் டி. பி. வைஸும் உரிமை கேட்டு மார்ட்டினைச் சந்தித்தபோது, ஜானின் தாய் யார் என்று அவர் அவர்களிடம் கேட்டார். அதற்குச் சரியான பதில் சொன்னது உரிமை கிடைக்க உதவியது என்பது பலமுறை பேசப்பட்ட செய்தி. வாசகர்கள் சும்மா பேசிப்பேசிக் கண்டடைந்த ஒன்று, நூலாசிரியரே வைக்கும் நுழைவுத் தேர்வாக இருந்திருக்கிறது. தொடர் இதைத் திரையில் உறுதி செய்தது 2016-ல், ஆறாம் சீசனின் கடைசி எபிசோடில். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அதற்கு ஆதாரம் தேடி, எதிர்ச் சான்றுக்குப் பதில் சொல்லி முடிவுக்கு வரும் இந்த ஒழுக்கம் எந்தக் கல்லூரி வகுப்புக்கும் குறைந்ததில்லை.

இரண்டாவது சிறப்பு, தழுவல் என்றால் என்ன என்பதைப் பொதுமக்கள் வாய்விட்டு யோசித்தது. மார்ட்டினின் நாவல்களில் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு பாத்திரத்தின் தலைக்குள் இருந்து நடக்கும். கேமராவுக்குத் தலைக்குள் நுழைய வழியில்லை. ஆனால் நாவலுக்குக் கிடையாத ஒரு சுதந்திரம் அதற்கு உண்டு. முதல் சீசனில் அரசன் ராபர்ட்டும் அரசி செர்சியும் மதுக்கோப்பையோடு உட்கார்ந்து தங்கள் தோற்றுப்போன திருமணத்தைப் பற்றிப் பேசும் ஒரு காட்சி வரும். முதல் நாவலில் இருவருக்குமே சொந்த அத்தியாயம் கிடையாது. அதனால் அந்த உரையாடலை, அந்த முறைப்படி, மார்ட்டினால் எழுதியிருக்கவே முடியாது. இரண்டாம் சீசனில் சிறுமி ஆர்யா ஸ்டார்க் தன் குடும்பத்தின் பரம எதிரியான டைவின் லானிஸ்டருக்குக் கோப்பை ஏந்துவாள். நாவலில் அவள் பணிவிடை செய்வது ரூஸ் போல்டனுக்கு. இந்த மாற்றத்தை நாவல் பக்தர்களும் மனமாரப் பாராட்டினார்கள். எதை மாற்றினாலும் முகம் சுளிப்பவர்கள் என்று ரசிகர்கள் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டு இங்கே அடிபட்டுப் போகிறது.

இதற்கு எதிர்ப்புறத்தில் நிற்பது 2015-ல் வந்த ஐந்தாம் சீசன். சான்சா ஸ்டார்க்கைக் கொடூரனான ராம்சிக்குக் கல்யாணம் செய்து கொடுக்கிறார்கள். முதலிரவில் நடக்கும் வன்முறையைத் தொடர் காட்டிய விதம் பெரிய கண்டனத்தைக் கிளப்பியது. நாவலில் அந்தக் கதி நேர்வது ஜெய்ன் பூல் என்ற வேறொரு பெண்ணுக்கு. பார்வையாளருக்குத் தெரியாத பெண்ணை விட, ஐந்து சீசன்களாகப் பழகிய பெண்ணை அங்கே வைப்பது சிக்கனம் என்று ஒரு தரப்பு சொன்னது. மறுதரப்பின் பதில் கூர்மையானது. ஊர் ரகசியமெல்லாம் விற்றுப் பிழைக்கும் லிட்டில்ஃபிங்கர், தன் கையிலிருக்கும் மிக விலையுயர்ந்த துருப்புச்சீட்டை, ராம்சி எப்படிப்பட்டவன் என்று விசாரிக்காமலா கொடுப்பான்? 'நாவலில் இப்படி இல்லை' என்ற புகாரை விட இந்தக் கேள்வி பலமடங்கு மேலானது. மாற்றியதைக் குற்றம் சொல்லாமல், மாற்றிய பின் காரணம் அறுந்துபோனதைச் சுட்டுகிறது. பெண்ணின் துன்பம் யாருடைய கதையை நகர்த்தப் பயன்படுகிறது என்ற அறக்கேள்வியும் அன்று சாதாரணப் பார்வையாளர்களின் வாயில் புழங்கியது. அதுவும் இந்தப் பட்டிமன்றத்தின் வரவுக் கணக்கில் சேர வேண்டியதே.

இனி செலவுக் கணக்கு.

முதல் குறை, நூலைச் சட்டப்புத்தகமாக்கி வைத்துக்கொண்டு தொடரைக் கூண்டில் ஏற்றுவது. லேடி ஸ்டோன்ஹார்ட் எங்கே, யங் கிரிஃப் எங்கே என்று விடுபட்டவர்களின் பட்டியலை நீட்டுவதே விமர்சனம் என்று பலர் நினைத்தார்கள். வருகைப் பதிவேடு எடுப்பது விமர்சனமாகாது. தவிர, இவர்கள் நினைப்பது போல மூலநூலும் கல்லில் வெட்டியதில்லை. மூன்றாம் நாவலுக்குப் பின் கதையில் ஐந்து ஆண்டு தாவுவதாக மார்ட்டின் திட்டமிட்டிருந்தார். எழுதிப் பார்த்து, சரிவரவில்லை என்று கைவிட்டார். 2022-ல் தொடங்கிய 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' தொடரின் மூலமான 'ஃபயர் அண்ட் பிளட்' இன்னும் ஒரு படி மேலே. அது ஒரு கற்பனை வரலாற்றாசிரியர் தொகுத்த வரலாறாக எழுதப்பட்ட நூல். அவருடைய சாட்சிகள் ஒருவருக்கொருவர் முரண்படுகிறார்கள். அவர்களில் ஒருவன் ஆபாசக் கதை கட்டும் அரண்மனைக் கோமாளி. அப்படிப்பட்ட நூலைக் காட்டி 'உண்மையில் நடந்தது இது' என்று சண்டைக்கு நிற்பது வேடிக்கைதான்.

ஆனால் இதே நூல் விஷயத்தில் 2024 செப்டம்பரில் மார்ட்டினே களத்தில் இறங்கினார். நாவலில் கொலைகாரர்கள் அரசி ஹெலேனாவிடம், உன் இரண்டு மகன்களில் யார் சாக வேண்டும் என்று கேட்பார்கள். அவள் சின்னவன் மேலரைச் சொல்வாள். அவர்கள் பெரியவனைக் கொல்வார்கள். உயிரோடிருக்கும் பிள்ளையின் முகத்தை அதன் பிறகு எப்படிப் பார்ப்பாள்? தொடரில் மேலர் என்ற பாத்திரமே இல்லை. சிறு பிள்ளை ஒருவனை நீக்கினால் பின்னால் எத்தனை சம்பவங்கள் சரியும் என்று மார்ட்டின் விரிவாக ஒரு பதிவு எழுதினார். சிறிது நேரத்தில் அந்தப் பதிவு நீக்கப்பட்டது. அவர் வைத்த வாதத்தைக் கவனியுங்கள். 'என் நூலை மாற்றிவிட்டீர்கள்' என்பதை விட 'இந்தச் செங்கல்லை உருவினால் எந்தச் சுவர் விழும்' என்பதே அதில் ஓங்கி நிற்கிறது. ரசிகர் வாதத்தின் நல்ல பாதி பேசிவந்த பேச்சு அது.

இரண்டாவது குறை, கதையை விடுகதையாகச் சுருக்குவது. ஜானின் பிறப்பைக் கண்டுபிடித்த வெற்றி ரசிகர்களுக்கு ஒரு கெட்ட பழக்கத்தையும் கொடுத்தது. ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரே விடை உண்டு, அதை முன்கூட்டியே சொல்பவன் கெட்டிக்காரன் என்ற எண்ணம் வேர்விட்டது. 2019 ஏப்ரலில் பிணப்படையின் தலைவனான நைட் கிங்கை ஆர்யா குத்திக் கொன்றபோது, இருளை வெல்லும் நாயகனைப் பற்றிய பழைய தீர்க்கதரிசனம் ஜானையோ டிராகன் அரசி டெனேரிஸையோ சுட்டுகிறது என்று ஆண்டுக்கணக்கில் நிறுவிவந்தவர்கள் விடைத்தாள் தவறாகத் திருத்தப்பட்ட மாணவர்கள் போலக் கொதித்தார்கள். படைத்தவர்களுக்கும் இந்த நோய் தொற்றியிருந்தது. அந்த நொடியில் பார்வையாளர் ஆர்யாவை நினைக்காதிருக்க வேண்டும் என்பதே தங்கள் கணக்கு என்று அவர்கள் விளக்கினார்கள். ஊகிப்பதையே ரசனையாக்கிக்கொண்ட ரசிகனும், ஊகத்தை முறியடிப்பதையே கலையாக்கிக்கொண்ட படைப்பாளியும் ஒருவரையொருவர் கெடுத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது குறை உரிமை கொண்டாடுவது. மார்ட்டினின் வயதையும் உடம்பையும் கணக்குப் பார்த்து, முடிப்பதற்குள் போய்விடுவாரோ என்று பகிரங்கமாகப் பேசினார்கள். 2014-ல் ஒரு பேட்டியில் அவர் இதற்குக் காட்டமாகவே பதில் சொன்னார். 2019-ல் எட்டாம் சீசனை வேறு எழுத்தாளர்களை வைத்து மறுபடி எடுக்க வேண்டும் என்ற மனுவில் 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டார்கள். கோபத்தின் அளவை அந்த எண் சொல்கிறது. கோபத்தின் காரணத்தை அது சொல்லவில்லை.

காரணத்தைச் சொன்னது அதே வாரங்களில் நடந்த வேறொரு வாதம். சரணாகதியின் மணி ஒலித்த பிறகும் டெனேரிஸ் தலைநகரை மக்களோடு எரித்தாளே, அது பொருந்துமா? பொருந்தும் என்றவர்கள் பழைய காட்சிகளை அடுக்கினார்கள். மீரீன் நகரத்துப் பிரபுக்கள் 163 பேரைச் சிலுவையில் அறைந்தவள், மண்டியிட மறுத்த டார்லி தந்தையையும் மகனையும் உயிரோடு எரித்தவள், எப்போது இரக்கமுள்ளவளாக இருந்தாள்? அவளை நாம் கைதட்டி வளர்த்தோம். மகளுக்கு அவளுடைய பட்டமான 'கலீசி' என்று பெயர் வைத்தவர்களும் உண்டு. பொருந்தாது என்றவர்கள் நேரக் கணக்கை எடுத்தார்கள். ஆறு சீசன்கள் பத்துப் பத்து எபிசோடாக வந்தன. ஏழாவதுக்கு ஏழு, எட்டாவதுக்கு ஆறு. விதை இருந்தது, முளைத்து மரமாக நேரம் தரவில்லை என்றார்கள். என்னைக் கேட்டால் இரு தரப்பும் சொன்னது சரி. முடிவு தவறில்லை; அங்கே போய்ச் சேர்ந்த வேகம் தவறு. இந்தத் தெளிவுக்கு நான் வர உதவியது ரசிகர்களின் வாதம். மனுவில் விழுந்த ஒப்பங்கள் அல்ல.

நான்காவது குறைதான் இதுவரை அதிகம் பேசப்படாதது. 2016-ல் தொடர் நாவலைத் தாண்டிப் போய்விட்டது. படித்தவர்களின் முன்னறிவு ஒரே சீசனில் செல்லாக்காசானது. ஒப்பிடும் பழக்கம் மட்டும் போகவில்லை. ஒப்பிட நூல் இல்லாதபோது, இன்னும் எழுதப்படாத நூலோடு ஒப்பிட்டார்கள். ஒவ்வொருவர் மனதிலும், வரவேண்டிய ஆறாவது நாவலான 'தி விண்ட்ஸ் ஆஃப் விண்டர்' ஒன்று இருந்தது. அதில் அவசரம் இல்லை, காரணம் அறுந்த காட்சி இல்லை, பிடிக்காத மரணம் இல்லை. அப்படிப்பட்ட நூலோடு போட்டியிட்டு எந்தத் தொடரும் வெல்ல முடியாது. நாளை மார்ட்டின் எழுதி முடித்துக் கொடுக்கும் நாவலும் வெல்ல முடியாது.

வரவையும் செலவையும் கூட்டிப் பார்த்தால் என் தீர்ப்பு இது. ரசிகர் வாதம் கதைக்குள் நின்று 'இது எதனால் நடந்தது' என்று கேட்கும்வரை அது முதல்தரத் திறனாய்வு. 'இது எங்கே எழுதியிருக்கிறது' என்று கேட்கும்போது குமாஸ்தா வேலை. 'இது எனக்கு ஏன் கிடைக்கவில்லை' என்று கேட்கும்போது கடைக்காரரிடம் போடும் சண்டை. மூன்றும் ஒரே ஆளின் வாயிலிருந்து ஒரே மாலையில் வரக்கூடியவை என்பதால்தான் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே இரைச்சலாகக் கேட்கிறது.

பட்டிமன்றத்தில் நடுவர் தீர்ப்புச் சொன்னால் கூட்டம் கலைந்துவிடும். இங்கே நடுவராக இருக்கத் தகுதியுள்ளவர் தானும் ஒரு கட்சி சேர்ந்து பேசிவிட்டார். தொடர் 73 எபிசோடுகளோடு 2019 மே 19 அன்று முடிந்தது. ஐந்தாவது நாவல் வந்தது 2011 ஜூலையில். ஆறாவது இன்னும் வரவில்லை. அது வரும்வரை, வந்த ஐந்தையும் இன்னொரு முறை படிக்கலாம்.