இருமொழி பேசும் கட்டடம்: திருமலை நாயக்கர் மகாலில் ஒரு மாலை உலா

முன்னுரை

மலேசியாவிலிருந்து தமிழகத்திற்குச் செல்லும் பயணக் குழுக்கள் மதுரையில் காலைப்பொழுதை மீனாட்சியம்மன் கோயிலிலும் மாலைப்பொழுதைத் திருமலை நாயக்கர் மகாலிலும் கழிப்பது வழக்கமாகிவிட்டது. கோயிலைப் பற்றி நம்மவர் எழுதியவை பல. மகாலைப் பற்றியோ 'பிரமாண்டம்', 'கலைநயம்' என்னும் இரு சொற்களைத் தாண்டி நம் பயணக் குறிப்புகள் பெரும்பாலும் செல்வதில்லை. ஓர் இலக்கியப் பனுவலை வாசிப்பது போல ஒரு கட்டடத்தையும் வாசிக்க இயலும் என்பது நம் கருத்து. அவ்வாறு வாசிக்குமிடத்து அம்மகால் நமக்கு உரைப்பது யாது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பெர்மாஸ் ஜெயாவில் வாழும் நமக்கு அரண்மனை என்றவுடன் நினைவில் எழுவது ஜொகூர் நீரிணையை நோக்கி நிற்கும் இஸ்தானா பெசார் ஆகும். 1866-இல் அபு பக்கார் எழுப்பிய அவ்வரண்மனைக்கு இன்றும் அரச மரபு தொடர்கிறது. அதன் கதையைச் சொல்வதற்கு உரியவர் உள்ளனர். மதுரை மகாலுக்கு அத்தகைய உரியவர் எவருமில்லை. உரியவர் இல்லாத வீட்டின் கதையை வந்தவரெல்லாம் தத்தம் விருப்பப்படி சொல்வர். மகாலுக்கு நேர்ந்ததும் இதுவே.

முற்றத்தில் ஒரு மாலை

வெயில் தாழும் நேரத்தில் வாயிலைக் கடந்து உள்ளே செல்பவர் முதலில் அடைவது ஏறத்தாழ 75 மீட்டர் நீளமும் 52 மீட்டர் அகலமும் உடைய திறந்த முற்றம். அதனைச் சூழ்ந்து பருத்த வெண்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. தூண்கள் 248 என்பது சுற்றுலா ஏடுகள் தரும் கணக்கு. தூண்களின் உச்சியில் இதழ்களாக மடிந்த வளைவுகள் ஒன்றையொன்று தொடர்கின்றன. எதிரே சொர்க்கவிலாசம் எனப்படும் கொலுமண்டபம். அதன் மேல் குவிமாடம். செங்கல்லாலும் சுண்ணச்சாந்தாலும் ஆன அப்பரப்புகள் மாலை ஒளியில் மஞ்சள் நிறம் கொள்வதும், புறாக்கள் வளைவுக்கு வளைவு தாவுவதும் காண்போர் உள்ளத்தை ஈர்ப்பன. சொர்க்கவிலாசத்தை ஒட்டி நாடகசாலை உள்ளது.

இவ்வளவும் பழைய அரண்மனையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே ஆகும். 1623 முதல் 1659 வரை ஆட்சி செய்த திருமலை நாயக்கர், தலைநகரைத் திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கு மாற்றி, 1636-இல் இவ்வரண்மனையை நிறைவு செய்தார். அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரை மீண்டும் திருச்சிராப்பள்ளிக்கே கொண்டு சென்றபொழுது, அங்கே தமக்கென அரண்மனை எழுப்புவதற்காக இதன் பெரும்பகுதியைப் பிரித்து எடுத்துச் சென்றார். எனவே மகாலைச் சிதைத்தவர் அயலவர் அல்லர், கட்டியவரின் வழித்தோன்றலே. பழைய தோட்டங்களும் துணைக் கட்டடங்களும் இருந்த நிலத்தில் இன்று தெருக்கள் உள்ளன. வடக்கே சிறிது தொலைவில், கடைகள் நெருங்கிய சந்தில் நிற்கும் பத்துத் தூண்கள் அவ்வரண்மனை எதுவரை பரவியிருந்தது என்பதற்குச் சான்றாக உள்ளன. மகாலின் தோட்டத்தில் உலவ விரும்புபவர் இத்தெருக்களில்தான் உலவ வேண்டும்.

ஒரே அரசர், இரு கட்டட மொழிகள்

மகாலைக் காண்பவர் பலர்க்கும் எழும் முதல் ஐயம், 'இது தமிழகக் கட்டடம் போல் இல்லையே' என்பதாகும். இவ்வையம் நியாயமானதே. இதழ் வளைவும் குவிமாடமும் தக்காணத்துச் சுல்தான்களின் கட்டடக்கலையோடு உறவுடையன. இத்தாலியர் ஒருவரே இதனை வடிவமைத்தார் என்னும் செய்தியும் வழிகாட்டிகள் வாயில் வழங்குகிறது. நம்முடையது போல் தோன்றாத ஒன்றை அயலார் ஒருவரின் பெயரில் எழுதிவிடும் மனப்பாங்கையே அச்செய்தியில் நாம் காண்கிறோம்.

இதே அரசர் மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்திற்கு எதிரே புதுமண்டபத்தையும் எழுப்பினார். அம்மண்டபத்தில் வளைவு இல்லை, குவிமாடமும் இல்லை. கற்றூண்கள், சிற்பங்கள், தட்டையான கல் கூரை என யாவும் திராவிட மரபின்படியே அமைந்தன. ஆகவே அரசர்க்கோ அவர்தம் சிற்பிகட்கோ உள்ளூர் மரபு தெரியாமல் போகவில்லை. இறைவனுக்குக் கட்டுகையில் ஒரு மொழியையும், அரசவைக்குக் கட்டுகையில் மற்றொரு மொழியையும் அவர்கள் அறிந்தே கையாண்டனர். இது திருமலையார் தாமாகத் தொடங்கிய வழக்கமும் அன்று. விசயநகரத்துத் தலைநகரான அம்பியில் தாமரை மகாலும் யானைக் கொட்டிலும் வளைவும் மாடமுமாக நிற்க, அருகிலேயே விட்டலர் கோயில் முற்றிலும் வேறு மரபில் எழுந்துள்ளதைக் காணலாம். விசயநகரத்தின் கீழ் வளர்ந்த நாயக்கர்க்கு இவ்விருமொழியம் முன்னோர் வழிவந்த பழக்கமே.

தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டு, தமிழ் மக்களை ஆண்டு, அரசவைக் கட்டடத்தைப் பாரசீகச் சாயலில் அமைத்து, கோயிலைத் தமிழ்நிலத்து மரபில் விரித்த ஓர் அரசமரபை எந்த ஒற்றைப் பெயரால் அழைப்பது? இல்லத்தில் தமிழும் அலுவலகத்தில் மலாயும் வகுப்பறையில் ஆங்கிலமுமாக வாழும் நம் போன்றோர்க்கு இவ்வினா புதிதன்று. இடமறிந்து மொழி மாற்றுவது தன்னை இழப்பதாகாது என்பதை நாம் நாள்தோறும் அறிகிறோம். அதே அறிவை ஒரு கட்டடத்தின்பால் செலுத்த மட்டும் தயங்குகிறோம்.

பிறர் ஏற்றிய குரல்கள்

மகாலுக்குப் பிறர் ஏற்றிய குரல்களுள் மூன்றை இங்கே கருதலாம்.

முதலாவது, ஆங்கிலேயர் ஏற்றிய குரல். 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு சிதைந்துகிடந்த மகாலைப் பழுதுபார்க்கச் செய்தார். அப்பணியில் ஈடுபட்ட கட்டடக்கலைஞர் சிசம் என்பார் சென்னையில் இந்திய வடிவங்களைத் தழுவிப் பல அரசுக் கட்டடங்களை எழுப்பியவர். அவ்வகைக் கட்டடங்களுக்கு 'இந்தோ-சாரசெனிக்' என்னும் பெயர் நிலைத்தது. பின்னர் அப்பெயர் பின்னோக்கிச் சென்று, 1636-இல் எழுந்த மகாலின் மீதும் ஒட்டப்பட்டது. பேரனின் பெயரைப் பாட்டனுக்குச் சூட்டுவது போன்றது இது. 'சாரசென்', 'மூர்' என்பவை ஐரோப்பியர் முசுலிம்களுக்கு வழங்கிய பெயர்கள். போர்த்துக்கீசியர் 'மூர்' என்பதை இலங்கைக்குக் கொணர்ந்து, தமிழ் பேசும் சோனகர் மீதும் சுமத்தினர். ஆளைக் காணுமுன் பெயரிடும் அதே பார்வை கட்டடங்கள் மீதும் படிந்தது.

இரண்டாவது, மாலை நேரத்து ஒலி-ஒளிக் காட்சி. திருமலை நாயக்கர் வரலாற்றையும் சிலப்பதிகாரக் கதையையும் அக்காட்சி பல்லாண்டுகளாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வழங்கி வந்தது. இருட்டிய முற்றத்தில் இருக்கைகளில் அமர்ந்திருப்போர் முன் தூண்கள் செந்நிறமும் நீலநிறமுமாக மாறும். ஒலிபெருக்கியில் கண்ணகி நீதி கேட்பாள். மக்கள் மெய்ம்மறந்து கேட்டதையும், அயலூர்க் குழந்தைகளுக்குச் சிலம்பின் கதை அங்கே அறிமுகமானதையும் நாம் மறுக்கவில்லை. ஆயினும் கண்ணகி வழக்குரைத்த பாண்டியன் அவை இம்மகாலுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்ட காப்பிய உலகத்தது. வளைவுக்கும் மாடத்திற்கும் அக்கதையில் வேலை இல்லை. கட்டடம் அங்கே மேடையாக நிற்கிறதேயன்றிக் கதைமாந்தராக இடம்பெறவில்லை. ஆங்கிலேயர் காலந்தொட்டு இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை இதே கட்டடத்தில் மாவட்ட நீதிமன்றம் இயங்கியது. மெய்யாகவே மக்கள் நீதி கேட்டு நின்ற தூண்களின் மீது, காப்பியத்தின் நீதிக்குரலை மட்டும் கேட்டு மீள்கிறோம்.

மூன்றாவது, திரைப்படம். 1995-இல் வெளிவந்த மணிரத்தினத்தின் 'பம்பாய்' படத்தில், நாயகன் நாயகியைக் கண்டு மயங்கும் முசுலிம் திருமணப் பாடற்காட்சி இம்மகாலில் படமாக்கப்பட்டது. ஒலி-ஒளிக் காட்சிக்குப் பாண்டியன் அவையாகத் தோன்றியது, படப்பிடிப்புக் கருவிக்கு முசுலிம் மணவீடாகத் தோன்றியது. இரண்டும் கட்டடத்தின் ஒரு பாதியையே கண்டன. எனினும் இந்து இளைஞனும் முசுலிம் பெண்ணும் ஒருவரையொருவர் காணும் இடமாக இருமரபும் கலந்த இம்முற்றம் அமைந்தது பொருத்தமே. அறிந்தோ அறியாமலோ, மூன்றனுள் கட்டடத்தின் இயல்புக்கு அணுக்கமாக வந்தது திரைப்படமே என்பது நம் மதிப்பீடு.

கோலாலம்பூர் வரை

மகாலின் கதை மதுரையோடு முடிவதன்று. இந்தியாவில் அரசுக் கட்டடங்களுக்கு வளைவும் மாடமும் தகும் என்று ஆங்கிலேயர் கொண்ட கருத்து, கடல் கடந்து மலாயாவையும் அடைந்தது. இலங்கையில் பணியாற்றிவிட்டு வந்த பொறியாளர் ஸ்பூனர் அப்பாணியை விரும்பினார். அதன் விளைவாக 1897-இல் கோலாலம்பூரில் எழுந்ததே இன்று சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் என நாம் அறியும் மாளிகை. 1910-இல் ஹபக் வடிவமைத்த இரயில் நிலையமும் அவ்வழி வந்ததே. இவற்றை 'மூரிஷ் பாணி' என்று நம் பாடநூல்களும் வழிகாட்டிகளும் குறிக்கின்றன. மலாய் மண்ணில் பிறந்ததும் அன்று, மூர்கள் கட்டியதும் அன்று. இந்தியாவில் ஆங்கிலேயர் கற்ற பாடத்தின் தொடர்ச்சி அது. மதுரை மகாலைப் போலவே அப்துல் சமாட் கட்டடத்திலும் பின்னாளில் நீதிமன்றங்கள் இயங்கின. மெர்டேக்கா சதுக்கத்தில் நின்று அதனை நோக்கும் மலேசியத் தமிழர்க்கு, அம்மாளிகை மதுரைக்குத் தூரத்து உறவு என்பது தெரிந்திருத்தல் நன்று.

சுவரே பேசும் அரண்மனை

மூர்களின் அரண்மனை என மெய்யாகவே சொல்லத்தக்கது ஸ்பெயின் நாட்டுக் கிரனாடாவில் உள்ள அல்ஹம்பிரா. அதன் சுவர்களில் அரபுக் கவிதைகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பல அவைப்புலவர் இப்னு சம்ராக் இயற்றியவை. அக்கவிதைகள் சிலவற்றில் மண்டபமும் நீரூற்றும் 'நான்' என்று தம்மைப் பற்றித் தாமே பேசுகின்றன. 1492-இல் அரசு கைமாறிய பின், ஐந்தாம் சார்லசு மன்னர் அதனுள்ளேயே தமக்கு ஓர் அரண்மனை எழுப்பினார். 1832-இல் வாசிங்டன் இர்விங் வெளியிட்ட கதைகள் அதனை மேலைநாட்டினரின் கனவு மாளிகையாக்கின. இத்தனை குரல்கள் மேலேறிய பின்னும், அரபு அறிந்தோர் அருகில் சென்று படித்தால் சுவரின் சொந்தக் குரல் கேட்கும்.

மதுரை மகாலின் சுவர்களில் அத்தகைய கவிதை இல்லை. அதன் சொற்கள் வளைவும் தூணும் சுதையுமே. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் துணை நிற்காவிடில், உரத்து ஒலிக்கும் குரலே கட்டடத்தின் குரலாகிவிடும். இங்கே திறனாய்வாளர்க்கு ஒரு கடமை உண்டு. சிலம்பின் ஓரடிக்கு உரை காண்பதில் நாம் காட்டும் பொறுமையில் சிறு பங்கையேனும் ஒரு வளைவுக்கு உரை காண்பதிலும் காட்டலாம்.

முடிவுரை

மகால் இருமொழி பேசும் கட்டடம் என்பதும், அதனை ஒருமொழிக் கட்டடமாகக் கேட்கும் வழக்கமே நம்மிடம் மிகுந்துள்ளது என்பதும் இதுவரை கண்டவற்றால் பெறப்படும். மாட்சியை மட்டும் போற்றுவோர் பேரன் பிரித்தெடுத்ததை மறப்பர். தூய்மையை நாடுவோர் வளைவின் வரலாற்றை மறைப்பர். இரண்டும் வரலாற்றுக்கு இழைக்கும் குறையே.

மதுரைக்குச் செல்லும் நம்மவர்க்கு ஒன்று பரிந்துரைக்கலாம். காலையில் கோயிலைக் கண்டபின் புதுமண்டபத்தின் தூண்களைச் சற்று நின்று நோக்குக. மாலையில் மகாலின் வளைவுகளை நோக்குக. இரண்டும் ஓர் அரசரின் ஆணையில் எழுந்தவை என்பதை நினைவிற்கொள்க. பின்னர் வெளியே வந்து பத்துத் தூண் சந்து வரை நடந்து செல்க. விளக்கு ஏற்றிய கடைகளுக்கு நடுவே அத்தூண்கள் நிற்கக் காணலாம். அங்கே ஒலிபெருக்கி இல்லை.